சேரும்போது நல்ல கால்தானே?

வங்கி வாசலில் துப்பாக்கியோடு ஒருவர் நிற்பார். கஞ்சி போட்ட சட்டை, முறுக்கிய மீசை, வளையாத முதுகு. ‘எக்ஸ் சர்வீஸ்மேன்’ என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில், யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்தால், ஒரு காலை ஷூவிலிருந்து பாதி உருவி விரல்களை மடக்கி நீட்டிக்கொள்வார். யாராவது படியேறி வந்தால் கால் சட்டென்று உள்ளே போய்விடும்.

அந்தக் கால் படுத்தும் பாடு வீட்டில் இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். மார்கழிக் குளிர் வந்தால் விரல் நுனி மரத்துப்போகும். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் பத்து அடி வைப்பதற்குள் முகம் சுருங்கிவிடும்.

“ஏங்க, ஒரு தடவை ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடலாமே?”

“இது மிலிட்டரி கால். அப்படித்தான் இருக்கும். விடு.”

இந்த உரையாடல் ஒரே ஒரு வீட்டில் நடப்பதல்ல. வீட்டுக்கு ஒரு ராணுவ வீரர் என்று பெயர் பெற்ற வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டை முதல், ஊருக்கு நாலு பேரையாவது படைக்கு அனுப்பிய எத்தனையோ கிராமங்கள் வரை, ஏதோ ஒரு திண்ணையில் யாரோ ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ‘மிலிட்டரி கால்’ என்று அவர் அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்குள் ஒரு சட்டக் கேள்வி இருக்கிறது. அந்த வலிக்குக் காரணம் ராணுவப் பணிதான் என்றால், அதற்காக அரசு அவருக்கு ஆயுள் முழுக்க ஒரு தொகை தரக் கடமைப்பட்டிருக்கிறது. அதன் பெயர் இயலாமை ஓய்வூதியம். படைவீரர்கள் மொழியில் ‘டிஸ்எபிலிட்டி பென்ஷன்’.

முதல் தகுதியே கால்தான்

ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போய் வந்த இளைஞர்களைக் கேட்டால் தெரியும். ஓட்டத்தில் தேறி, உயரம், மார்பளவு எல்லாம் சரியாக இருந்தும், டாக்டர் முன்னால் வெறுங்காலோடு நின்றபோது திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. பாதத்தின் உள்வளைவு இல்லாமல் தரையோடு படிந்த தட்டைப் பாதமா, நிற்கும்போது முட்டி இரண்டும் இடிக்கிறதா, கால் விரல் கோணியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

சேர்ந்த பிறகும் கால் கணக்கில் இருந்துகொண்டே இருக்கும். வீரர்களின் உடல்தகுதியை ‘ஷேப்’ என்ற ஐந்தெழுத்தில் குறிக்கிறார்கள். மனநலம், காது, கை கால், பொது உடல்நிலை, கண் ஆகிய ஐந்துக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. ஐந்திலும் முதல் தரம் என்றால் ‘ஷேப்-1’. காலில் கோளாறு வந்தால் மூன்றாவது எழுத்தில் தரம் இறங்கும்.

ஆக, உள்ளே எடுக்கும்போது அரசே பார்த்து, தட்டி, நடக்கவிட்டு, ‘நல்ல கால்’ என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறது. பின்னால் ஒரு வீரர் உரிமை கேட்டு நிற்கும்போது அவருக்குச் சாதகமாகப் பேசும் முதல் சாட்சி இந்தக் கையெழுத்துதான்.

பூட்ஸுக்குள் நடப்பது

சியாச்சினில் இந்திய ராணுவம் 1984 ஏப்ரல் 13 முதல் நிற்கிறது. அங்கே 20 ஆயிரம் அடிக்கு மேலும் காவல் நிலைகள் உண்டு. குளிர் மைனஸ் 50 டிகிரியைத் தொடும். எதிரியின் குண்டுக்குப் பலியானவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் உயரத்துக்கும் பலியானவர்களே அங்கே அதிகம். 2016 பிப்ரவரி 3 அன்று பனிச்சரிவு 10 பேரைப் பறித்துக்கொண்ட சோனம் காவல் நிலையில் நின்றது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியன். இறந்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள்.

உயிரோடு இறங்கி வருகிறவர்களில் சிலர் காலில் பனிக்கடியோடு வருகிறார்கள். உடம்பு குளிரும்போது இதயத்தையும் மூளையையும் காப்பாற்றுவதற்காக, கை கால் நுனிக்குப் போகும் ரத்தத்தை உடம்பே குறைத்துவிடும். பூட்ஸுக்குள் வியர்த்த சாக்ஸ் ஈரமானால் நிலைமை இன்னும் மோசம். விரலின் திசு உறைந்து, ரத்தக் குழாய் அடைபட்டு, விரல் கறுத்துப்போகும். சிலருக்கு விரலை எடுக்க வேண்டி வரும். எடுக்காமல் பிழைத்த விரலும் முழுசாகப் பிழைப்பதில்லை. மரத்துப்போதல், குளிர் பட்டால் எரிச்சல், நகம் தடித்தல், மூட்டு இறுகுதல் என்று பல ஆண்டுகள் கழித்தும் தொல்லை கொடுக்கும்.

உறைபனிதான் வேண்டும் என்பதில்லை. தண்ணீரும் சேறுமான இடத்தில் நாள்கணக்கில் நனைந்த பூட்ஸோடு நின்றாலே பாதம் ஊறி, வெளுத்து, உணர்ச்சி இழந்துவிடும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நின்றவர்களுக்குப் பெருமளவில் வந்ததால் இதற்கு ‘டிரென்ச் ஃபுட்’ என்றே பெயர். 1914-ல் வெயில் நாட்டு உடுப்போடு பிரான்ஸில் இறங்கிய இந்தியப் படையினர் அந்தக் குளிர்காலத்தை இப்படித்தான் கழித்தார்கள். 1962-ல் சீனப் போரின்போது இமயமலையின் நம்கா சூ ஆற்றங்கரைக்குப் பருத்தி உடையோடும் கான்வாஸ் ஷூவோடும் அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

சண்டையே இல்லாத இடத்திலும் கால் தேயும். முதுகில் சுமையோடு ஓடுவது, கெட்டித் தரையில் குதிகால் அதிர மணிக்கணக்கில் டிரில் செய்வது எல்லாம் சேர்ந்து பாதத்தின் நீண்ட எலும்பில் மயிரிழை போலக் கீறல் விழும். இதற்கு ‘மார்ச் ஃபிராக்சர்’ என்று பெயர். 1855-ல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் சிப்பாய்களின் வீங்கிய பாதங்களைப் பற்றி எழுதினார். காரணம் என்னவென்று அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, 1897-ல்தான் அது எலும்பு முறிவு என்று தெரிந்தது. நாற்பது ஆண்டுகளாக எத்தனை சிப்பாய்கள் ‘ஒண்ணுமில்லை, நட’ என்று விரட்டப்பட்டிருப்பார்களோ!

இவற்றோடு, குதிகாலின் அடித்தசை நார் வீங்கி வரும் வலி, திரும்பத் திரும்பச் சுளுக்கிய கணுக்கால், கண்ணிவெடியில் போன பாதம் என்று பட்டியல் நீளும். பாதத்தையோ காலையோ இழந்தவர்களுக்காக 1944 முதல் புனேயில் ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் இயங்குகிறது. போன கால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இருக்கும் காலில் உள்ள வலிக்குத்தான் சாட்சி தேவைப்படுகிறது.

சொல்லாத வலி

அந்தச் சாட்சியைப் பெரும்பாலான வீரர்கள் உருவாக்குவதே இல்லை. கால் வலிக்கிறது என்று யூனிட்டின் எம்.ஐ. ரூமுக்குப் போனால், டாக்டர் எழுதுவார். திரும்பத் திரும்பப் போனால் மருத்துவக் குழு முன் நிறுத்துவார்கள். தரம் இறங்கினால் ‘கேட்டகரி ஆகிவிட்டார்’ என்று பேச்சு வரும். பதவி உயர்வு, கோர்ஸ், வெளிநாட்டு அமைதிப்படை வாய்ப்பு, பணி நீட்டிப்பு எல்லாவற்றுக்கும் அந்தத் தரம் குறுக்கே நிற்கலாம். ‘ஓடத் தெரியாமல் சாக்கு சொல்கிறான்’ என்று சக வீரர்கள் சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சம் வேறு.

அதனால் ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கேன்டீனில் வாங்கிய களிம்பைத் தடவிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். பல சிப்பாய்கள் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வு பெற்று ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கிடைக்கும் வேலை பெரும்பாலும் செக்யூரிட்டி. அங்கேயும் நிற்க வேண்டியது அதே கால்தான்.

பணியில் இருக்கும் மகனோ மகளோ போனில் “கால் கொஞ்சம் வலிக்குதும்மா, ஒண்ணுமில்ல” என்று சொன்னால், “எம்.ஐ. ரூம்ல காட்டி எழுதி வாங்கிக்கோ கண்ணு” என்று அம்மா சொல்லலாம். அந்த ஒரு வரி இருபது ஆண்டு கழித்துப் பேசும்.

மூன்று கேள்விகள்

ஓய்வு பெறும்போது ஒவ்வொருவருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு. கேட்டகரியில் இருப்பவர் என்றால் ‘ரிலீஸ் மெடிக்கல் போர்டு’ எனப்படும் மருத்துவக் குழு உட்காரும். அது நிரப்பும் படிவத்தில் மூன்று கேள்விகள் முக்கியம்.

முதலாவது, இயலாமை இருக்கிறதா, அது என்ன?

இரண்டாவது, அது பணியால் ஏற்பட்டதா, அல்லது ஏற்கெனவே இருந்தது பணியால் மோசமானதா? இந்த இரண்டில் ஏதாவது ஒன்று ‘ஆம்’ என்றாலே போதும். தட்டைப் பாதம் லேசாக இருந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, பதினைந்து ஆண்டு சுமை தூக்கி ஓடவிட்டு, அது முற்றிவிட்டால், ‘பிறவியிலேயே இருந்தது’ என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. மோசமாக்கியது பணிதானா என்ற கேள்விக்கும் பதில் எழுதியாக வேண்டும். இரண்டுமே இல்லை என்று குழு எழுதினால், அதைப் படைவீரர்கள் ‘நானா’ என்பார்கள். ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து உண்டான பெயர். ‘எனக்கு நானா போட்டுட்டாங்க’ என்றால், உரிமைக் கதவு சாத்தப்பட்டது என்று பொருள்.

மூன்றாவது, எத்தனை சதவீதம்? பணிக்காலம் முடித்து ஓய்வு பெறுகிறவருக்கு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் இயலாமைத் தொகை. குழு 20-க்குக் கீழே ஓர் எண்ணை எழுதினால், வலி இருக்கும், பணம் இருக்காது. பணிக்காலம் முடியும் முன்பே உடல்நிலையைக் காட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் விஷயம் வேறு. அனுப்பும் அளவுக்கு உடல் கெட்டிருந்தால் அதை 20 சதவீதத்துக்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்று 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

அடிபட்ட காயமாக இருந்தால் இன்னொரு காகிதமும் வேண்டும். விபத்து நடந்தவுடன் யூனிட்டில் ‘இன்ஜுரி ரிப்போர்ட்’ எழுதுவார்கள். பணியில் இருந்தபோது நடந்ததா என்று அதில் கட்டளை அதிகாரி குறிப்பார். விடுமுறைக்கு ஊருக்கு வரும் வழியில் பஸ்ஸிலோ ரயிலோ விபத்தானால், அது பணியோடு சேர்ந்ததாகக் கருதப்பட வழி உண்டு. விடுமுறையில் சொந்த வீட்டு மாடியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டால், பணிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேள்வி வரும்.

நிரூபிக்க வேண்டியது யார்?

‘எனக்கு இந்த வலி ராணுவத்தால்தான் வந்தது என்று நான் எப்படி நிரூபிப்பது?’ என்பதுதான் பலரையும் மலைக்க வைக்கும் கேள்வி. இதற்கு 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவான பதில் தந்தது. சிக்னல் படைப்பிரிவு வீரர் ஒருவர் 9 ஆண்டு பணிக்குப் பிறகு வலிப்பு நோய்க்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ‘இது உடல்வாகு சார்ந்த நோய், பணிக்கும் இதற்கும் தொடர்பில்லை’ என்று மருத்துவக் குழு எழுதிவிட்டது. அது கால் வழக்கு அல்ல. ஆனால் அதில் நீதிமன்றம் சொன்ன காரணம் காலுக்கும் பொருந்தும்.

1982-ம் ஆண்டு விதிகளின்படி, ஒருவரைச் சேர்க்கும்போது அவர் காகிதத்தில் எந்தக் குறையும் எழுதப்படவில்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையோடு சேர்ந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு உடல் கெட்டால் அது பணியால் என்றே கொள்ள வேண்டும். ‘சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாது’ என்று டாக்டர்கள் கருதினால், ஏன் முடியாது என்பதற்குக் காரணத்தை எழுத வேண்டும். நிரூபிக்கும் சுமை வீரர் தலையில் இல்லை. சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே. களத்தில் பணியாற்றியவர்களுக்கு அந்தப் பலனை இன்னும் தாராளமாகத் தர வேண்டும். இவை அந்த விதிகளிலேயே உள்ளவை. அவற்றை உள்ளபடி படித்துக் காட்டியது உச்ச நீதிமன்றம்.

விதிகள் அதற்குப் பிறகு மாறியும் இருக்கின்றன. 2008-ல் ஒரு தொகுப்பு வந்தது. ஒரு நோய் பணிக்காலத்தில் தலைகாட்டியது என்பது மட்டுமே போதாது, பணியோடு அதற்குள்ள தொடர்பையும் பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. 2023 செப்டம்பர் 21 முதல் இன்னொரு தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. எனவே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது என்பதற்காக அதே விதி தமக்கும் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. ஓய்வு பெற்ற தேதிதான் எந்த விதி என்பதைத் தீர்மானிக்கும்.

சதவீதமும் சம்பளமும்

கணக்கு சிக்கலானதல்ல. 100 சதவீத இயலாமைக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் மாதாமாதம். குறைந்த இயலாமைக்கு அதே விகிதத்தில் குறையும். ஒருவரின் கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 100 சதவீதத்துக்கு 12,000 ரூபாய். அவருக்கு 30 சதவீத இயலாமை என்றால் 3,600 ரூபாய்.

ஆனால் 1996-லிருந்து ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. 20 முதல் 50-க்குள் எந்த எண்ணாக இருந்தாலும் அதை 50 என்று எடுத்துக்கொள்வது, 50 முதல் 75 வரை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் எடுத்துக்கொள்வது. இடையிலேயே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் இது என்று அரசு சொல்லிவந்தது. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி மேலே சொன்ன வீரருக்கு 3,600 அல்ல, 6,000 ரூபாய். அகவிலை நிவாரணம் அதற்கு மேல் தனி.

பழைய ஓய்வூதிய ஆணையை வைத்திருப்பவர்கள் இயலாமைப் பகுதி எந்தச் சதவீதத்தில் கணக்கிடப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. ஒரு முறை முடிவு செய்த சதவீதத்தை அரசு தானாக மறுபரிசீலனை செய்து குறைப்பதில்லை. நிலைமை மோசமானால் மறுபரிசோதனை கேட்கும் உரிமை வீரருக்கு இருக்கிறது.

தள்ளிப்போட்டால் தேயும்

‘அப்புறம் பார்க்கலாம்’ என்பதற்கு இங்கே விலை அதிகம். 2008-ல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. ஓய்வூதியம் மாதாமாதம் வர வேண்டிய தொகை. எனவே தாமதமாக வந்தாலும் உரிமை அழியாது. ஆனால் நிலுவைத் தொகை, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டுக்குத்தான் கிடைக்கும். அந்த வழக்கில் வீரர் 1983-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, 1999-ல்தான் உயர் நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். இடையில் போன ஆண்டுகள் போனவைதான்.

இன்னொன்றும் உண்டு. 2008 விதிகளின்படி, ஓய்வு பெற்று 15 ஆண்டுக்குப் பிறகு உரிமை கேட்டு, அதற்குள் பழைய கோப்புகள் கெடு முடிந்து அழிக்கப்பட்டிருந்தால், நிரூபிக்கும் சுமை வீரர் பக்கம் திரும்பிவிடும். அதாவது, அதுவரை அரசு சொல்ல வேண்டிய பதிலை, அதன்பின் அவர் சொல்ல வேண்டியிருக்கும்.

பெட்டியைத் திறந்தால்

பல வீடுகளில் பரண் மேல் கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் பெயரும் எண்ணும். அதற்குள் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, மருத்துவக் குழுவின் நகல், ராணுவ மருத்துவமனைச் சீட்டுகள் இருக்கலாம். ஆங்கிலத்தில் இருப்பதால் படிக்காமலே மடித்து வைத்திருப்பார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தால் மூன்று விஷயங்கள் தெரிந்துவிடும்: கால் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள், பணியால் ஏற்பட்டதா என்ற கட்டத்தில் என்ன பதில், எத்தனை சதவீதம்.

காகிதம் இல்லையென்றால் அவரவர் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் என்ஜினீயர் குரூப்புக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னலுக்கு ஜபல்பூர். படை எண், பதவி, ஓய்வு பெற்ற தேதி குறிப்பிட்டு மருத்துவக் குழு நடவடிக்கையின் நகல் கேட்கலாம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

இப்போதைய கால் நிலைக்கும் ஒரு பதிவு வேண்டும். இ.சி.எச்.எஸ். அட்டை வைத்திருப்பவர்கள் அங்கேயே எலும்பு மருத்துவரிடம் காட்டி, பழைய பனிக்கடி, பழைய முறிவு என்று முழுக் கதையையும் சொல்லி எழுதி வாங்கலாம். உடன் பணியாற்றியவர்கள் ‘அந்த ஆண்டு அந்த இடத்தில் இவருக்குக் கால் அடிபட்டது எனக்குத் தெரியும்’ என்று எழுதித் தரும் கடிதமும் உதவியாக இருக்கும்.

மருத்துவக் குழு மறுத்திருந்தால் முதல் மேல்முறையீடு, அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாவது மேல்முறையீடு. பொதுவாக ஒவ்வொன்றுக்கும் 6 மாதம் கெடு. அதற்கும் பிறகு படைவீரர்களுக்கென்றே உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2007-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இதற்குச் சென்னையிலும் அமர்வு உண்டு. டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை.

முதல் படி மாவட்டத் தலைநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம். விண்ணப்பம் எழுதவும், ஆவண அலுவலகத்தோடு தொடர்பு கொள்ளவும் அங்கே உதவுவார்கள். கலெக்டர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான சிறப்புக் குறைதீர் கூட்டமும் அவ்வப்போது நடக்கிறது. வழக்கு வரை போக வேண்டி வந்தால், படைவீரர் குடும்பங்களுக்குச் சட்ட உதவி தருவதற்காக 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடங்கிய ‘வீர் பரிவார் சகாயதா’ திட்டம் இருக்கிறது. ‘பாதிப் பணம் எனக்கு, உடனே முடித்துத் தருகிறேன்’ என்று வீடு தேடி வருகிறவரிடம் அசல் காகிதத்தைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

2022-க்குப் பிறகு அக்னிவீரராகச் சேர்ந்தவர்களுக்கு ஏற்பாடு வேறு. அவர்களுக்கு இந்த ஓய்வூதியம் கிடையாது. பணியால் இயலாமை ஏற்பட்டால் ஒரே முறை தரும் கருணைத்தொகை உண்டு. 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75-க்கு 25 லட்சம், 50-க்கு 15 லட்சம். இவர்கள் நான்கே ஆண்டில் வெளியே வருகிறவர்கள். காலில் அடிபட்ட அன்றே எழுதி வாங்க வேண்டிய தேவை இவர்களுக்கு இன்னும் அதிகம்.

வீட்டில் ஒரு எச்சரிக்கை

உரிமை ஒரு பக்கம் இருக்கட்டும். கால் இன்னொரு பக்கம். பனிக்கடி பட்டு மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. வெந்நீர் ஒத்தடம் என்று கொதிக்கிற தண்ணீரில் வைத்துவிட்டால் தோல் வெந்த பிறகுதான் தெரியும். வீட்டில் இருப்பவர் முதலில் கையை விட்டுப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால், தினமும் ராத்திரி விரல் இடுக்கைப் பார்ப்பது, சிறு புண்ணையும் டாக்டரிடம் காட்டுவது, வெறுங்காலோடு வெயிலில் நடக்காமல் இருப்பது கட்டாயம். நாள் முழுக்க நிற்கிற வேலை என்றால், நடுநடுவே உட்கார ஒரு நாற்காலி கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பிச்சை கேட்பது போல இருக்கிறதே என்று கூசுகிறவர்கள் பலர். ‘நாட்டுக்காகப் போனேன், காலுக்காகக் காசு கேட்கவா?’ என்பார்கள். அந்த மனசு பெரியது. ஆனால் இது தானம் அல்ல. அரசு வாங்கும்போது சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிய ஒன்றைத் திருப்பித் தரும்போது தேய்த்துத் தந்திருக்கிறது. அதற்கான கணக்கைத் தீர்க்கச் சொல்வதில் கூச்சத்துக்கு இடமில்லை.

அடுத்த முறை வீட்டில் ஒருவர் “மிலிட்டரி கால், அப்படித்தான் இருக்கும்” என்று சொன்னால், யாராவது ஒருவர் பரண் மேலிருக்கும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவரிடம் கேட்கட்டும்: “சேரும்போது நல்ல கால்தானே?”